முந்நூற்றுப் பதினேழுக்கு உடமஸ்தர் யார்?

பாறசாலைக்கும் பூவாறுக்கும் இடையில் ரப்பர் வைத்திருந்தவர்கள் உண்டு, வள்ளம் வைத்திருந்தவர்கள் உண்டு, ஒரு காலத்தில் யானை வைத்திருந்த குடும்பமும் உண்டு. பட்டாளத்து விமானம் ஒன்றைத் தினமும் காலையில் குளிப்பாட்டித் துவட்டிவிட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் போல இரண்டாவது ஆள் இந்தப் பக்கம் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது.

ஊர் அவரை 'பைலட்' என்று கூப்பிட்டது. அவர் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

"நான் பைலட் இல்ல, ஃபிட்டராக்கும். பைலட்டுக்குப் பிளேன பறத்தத் தெரிஞ்சா போரும். அது கீழ விழாம இருக்கியதுக்கு ஃபிட்டருக்குத் தெரியணும்."

"செரி பைலட்டே, சாயையில சீனி போடவா?" என்பார் சாயக்கடைக்காரர்.

விமானப்படையில் இருபது வருடம் விமானங்களைப் பழுதுபார்த்துவிட்டு வந்தவர் அவர். அந்தக் குளிப்பாட்டு வாங்கிய விமானம் காரோட்டில், பூட்டிப்போட்ட ஒரு தனியார் தொழிற்கல்லூரியின் வளாகத்தில், தகரக் கூரைக்குக் கீழே நின்றது. பட்டாளத்துப் பையன்கள் பறக்கப் படிக்கிற சின்ன விமானம். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, மூக்கில் ஒரு காற்றாடி, வாலருகே கறுப்பில் 317 என்று எண். ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். நான் பார்க்கும்போது பலமுறை அலசிய மஞ்சள் துணி மாதிரி வெளுத்திருந்தது.

காலை ஆறரைக்கு அவர் வாளியும் பழைய பனியனுமாக வருவார். துடைப்பார். பிறகு மூக்கில் தொடங்கி வலமாக ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு இடமாகக் குனிந்து பார்த்து, நோட்டில் எழுதுவார்: 'டயர் இரண்டிலும் காற்று இல்லை. எஞ்சினில் காக்கைக் கூடு. இன்று பறக்கத் தகுதி இல்லை.' கீழே கையெழுத்து, தேதி. பதினோரு வருடம் இந்த மூன்று வரிகளும் மாறவில்லை. ஒருமுறை மட்டும் 'காக்கைக் கூட்டில் குஞ்சு இரண்டு' என்று கூடுதலாக இருந்தது.

அவர் வலம் வருவதைப் பார்த்துவிட்டு, வளைகுடா விசாவுக்குக் காத்திருந்த பையன்கள் தாங்களும் வலம் வரத் தொடங்கினார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வந்தது. ஒருநாள் காற்றாடியில் செம்பருத்தி மாலையும் கிடந்தது. பைலட் வாளியோடு ஓடிவந்தார்.

"லேய், இது கோயிலா? இறங்குங்கலே!"

"சாரே, போன வாரம் சுத்தினவனுக்கு துபாய் கெடச்சுது."

"அவன் பரீட்சை எழுதினான், கெடச்சுது. இது பறந்து காலம் எத்தர ஆச்சு? இதுக்கே எங்கயும் போக வழியில்ல, இது உனக்கு விசா தருமா?"

நான் பாறசாலையில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். மனு, விண்ணப்பம், பெயர் திருத்தம் எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்பேன். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கே கேட்டாலும் பெருவிரலை நீட்டுவார். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில், எங்கே ஒரு கோட்டைக் கண்டாலும் அதற்குமேல் கையெழுத்துப் போட்டுவிடுகிற வழக்கம் அப்போது எனக்கு இருந்தது.

ஒருநாள் பைலட் பச்சைநிற ஃபைல் ஒன்றோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எலே மக்கா, நீயாக்கும் பிழையில்லாம அடிக்கிய ஆளு?"

"ஓ சாரே. என்ன அடிக்கணும்?"

"ஒரு பிளேனுக்க முன்னாதாரம்."

எங்கள் எல்லைப்பக்கத்தில் இரண்டு சென்ட் நிலம் வைத்திருப்பவரும் முன்னாதாரம் பேசுவார். இந்த மண் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, அவரிடமிருந்து இன்னாருக்கு என்று கைமாறி வந்த கதையைச் சொல்கிற பழைய பத்திரம் அது. விமானத்துக்கு முன்னாதாரம் கேட்டு வந்தவர் இவர்தான். அவருக்குத் தெரிந்த உடமைப் பத்திரம் நிலப் பத்திரம் ஒன்றுதான். ஆகவே அதே மாதிரியில் சொல்லத் தொடங்கினார். நான் அடித்தேன்.

'மேற்படி விமானமானது பெங்களூரில் செய்யப்பட்டு, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியின் வசம் ஒப்படைக்கப்பட்டு, அங்கே படிக்க வந்தவர்களால் பலமுறை தரையில் குத்தப்பட்டு, ஒவ்வொரு முறையும் சரிசெய்யப்பட்டு, பின் தெற்கே மற்றொரு பயிற்சிப் பள்ளியின் வசம் சென்று, வயது முதிர்ந்ததால் பறப்பு நிறுத்தப்பட்டு, மாணவர் படைக்காக ஒரு கல்லூரிக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டு, அக்கல்லூரி ஏலத்தில் விட, நமது தொழிற்கல்லூரித் தாளாளர் எடுத்து...'

"இனி எல்லை எழுது" என்றார்.

"சாரே, பிளேனுக்கு எல்லை ஏது? பறக்கிய சாதனமில்லா?"

"இப்ப பறக்கல்லல்லோ. எழுது. மேற்கே ரப்பர். வடக்கே கல்லூரிக்க கக்கூசு. தெற்கே வழி. கிழக்கே எல்லைக்கல்லு."

கிழக்கே நின்ற கல் சும்மா கல் இல்லை. அது கேரளமும் தமிழ்நாடும் பிரிகிற கல். விமானத்தின் வலது இறக்கை நுனி அந்தக் கல்லுக்கு அப்பால் ஒரு முழம் நீண்டிருந்தது. அதை அவர் அளந்து, தனிக் குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார்.

கடைசியில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார். கோட்டைக் கண்டதும் நான் போட்டுவிட்டேன். அவர் அந்தத் தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

"சாரே!"

"இதுல செல்லியிருக்கிய ஏதாவது ஒண்ண நீ கண்டியா?"

"இல்ல."

"காணாததுக்கு எப்பிடிடே சாட்சி போட்ட? அடி, வேற ஒண்ணு. சாட்சி வேண்டாம்."

எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் கேட்டேன்: "இதெல்லாம் என்னத்துக்கு சாரே?"

"அதுக்க உடமஸ்தன் ஆருன்னு தெரியணும். அவனுக்க கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். வயித்துப் பக்கத்தத் தொறந்து பாக்கியதுக்கு."

"பதினோரு வருசமா தொட்டுத் தொடைக்கிறீங்க. தொறக்கியதுக்கு மட்டும் அனுமதியா?"

"வழியில நிக்கிய பசுவ ஆரும் தடவலாம். கறக்கணும்னா உடமஸ்தன் வேணும்."

எதற்குத் திறக்க வேண்டும் என்பதை அவர் கடையில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்புறத்தில் இருந்த தன் வீட்டுக்கு வரச் சொன்னார்.

அந்த வீட்டில் நான் முதலில் பார்த்தது அடுக்களைச் சுவர். கரண்டி, அகப்பை, சட்டுவம், கத்தி, சல்லடை, இடுக்கி, சிரட்டைத்தவி என்று ஏழு சாமான்கள் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் அதே உருவம் கறுப்புப் பெயின்டில் வரைந்திருந்தது. சாமானை எடுத்தால் அதன் நிழல் மட்டும் சுவரில் நிற்கும். எது குறைகிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அவர் மனைவி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊரில் எல்லாருக்கும் டீச்சர்.

"பாத்தியா மக்கா?" என்றார் டீச்சர். "கல்யாணம் களிஞ்சு வந்த மறுநாள் வரைஞ்சதாக்கும். கரண்டி எண்ணாம இந்த வீட்டுல ஒருநாளும் அடுக்களை பூட்டினது இல்ல. ஒருக்க அகப்பைய அடுத்த வீட்டுக்காரி வாங்கிட்டுப் போயிட்டா. இவரு பாயசத்துக்க உள்ள கைய விட்டுத் தேடினாரு."

"விழுந்திருந்தா?" என்றார் பைலட், ரொம்ப நியாயமாக.

"ஒன்றரை அடி அகப்ப பாயசத்துல விழுந்தா வாலு வெளிய தெரியாதா?"

முன்னறையில் இன்னொரு பலகை இருந்தது. அதிலும் அதே மாதிரி கறுப்பு நிழல்கள். ஆணிகளில் ஸ்பேனர், கொறடு, சுத்தியல். நடுவில் ஒரே ஒரு நிழல் மட்டும் சாமான் இல்லாமல் இருந்தது. ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவரின் நிழல்.

அதைக் காட்டித்தான் சொன்னார்.

விமானத்தில் வேலை பார்க்கிறவன் வேலை முடிந்ததும் தன் கருவிகளை எண்ண வேண்டும். எண்ணி, 'எல்லாம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த விமானம் பறக்கக் கூடாது. கிடைக்கிற வரைக்கும் பிரித்துத் தேட வேண்டும். இருபத்திரண்டு வயதில் ஒரு சாயங்காலம் அவர் எண்ணினார். குட்டை ஸ்க்ரூடிரைவர் இல்லை. பிடியில் 22 என்று அவர் கருவிப்பெட்டியின் எண் வெட்டிய கருவி. மறுநாள் காலையில் அவர் தங்கையின் கல்யாணத்துக்கு ரயில் ஏற வேண்டும். சொன்னால் லீவு போய்விடும். 'எல்லாம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கல்யாணத்துல எனக்கு எலை போட்டினும். எனக்கு சோறு எறங்கல்ல. மேல ஒரு சத்தம் கேட்டா முற்றத்துக்கு ஓடுவேன். பாறசாலைக்கு மேல எங்க பிளேன் பறக்கும்? ஏதாவது லாரியா இருக்கும்."

திரும்பி வந்தபோது 317 இருபது முறை பறந்து இறங்கியிருந்தது. இப்போது சொன்னால், 'அன்று ஏன் சொல்லவில்லை?' என்பார்கள். கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கி, எண் வெட்டி, அங்கே பட்டறைப் பலகையில் மாட்டினார். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் 317 மேலே ஏறினால் அவர் சாப்பிட மாட்டார். இறங்கிய பிறகுதான் தட்டைத் தொடுவார். கண்ணால் பார்க்கிற இடமெல்லாம் அவராகவே தேடினார். ஆழத்தில் தேட மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

ஒருமுறை பின்னிருக்கையில் தன்னை ஏற்றிக்கொண்டு போகும்படி விமானியைக் கெஞ்சினார். மேலே நாற்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே ஏதாவது உருள்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"பயமா இருந்ததா சாரே?" என்று கேட்டேன்.

"இல்ல மக்கா. அன்னைக்கு மட்டும் இல்ல. விழுந்தா நானும் உண்டுல்லா."

317 வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் அங்கே இருந்த கூட்டாளிகளுக்குக் கடிதம் எழுதினார். 'முந்நூற்றுப் பதினேழு சுகமா?' கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கிற மாதிரி. அவர்கள் கிண்டலாக 'சுகம், முழுகாமல் இருக்கிறது' என்று பதில் போட்டார்கள். கருவி தொலைந்த பிறகு அந்த விமானம் பதினாலு வருடம் பறந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"பொறவு எதுக்கு சாரே?"

"அது அதுக்க உள்ள இருந்துதா, இல்ல வெளிய புல்லுல விழுந்துதா? எனக்குத் தெரியல்ல. புல்லுல விழுந்ததுன்னா நான் ஒரு கள்ளக் கையெழுத்து போட்டவன். உள்ள இருந்ததுன்னா... அந்த ஸீட்டுல ஏறின ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் கையெழுத்து போட்டிருக்கேன். இதுல எது நான்னு தெரிஞ்சிட்டுப் போகணும்."

டீச்சர் உள்ளே போய்விட்டார். கரண்டி எதையோ ஆணியில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

விமானம் காரோட்டுக்கு வந்ததும் தற்செயல் இல்லை. அது ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் தொழிற்கல்லூரித் தாளாளரிடம் போய், "வாசல்ல ஒரு பிளேன நிறுத்தினா பிள்ளைய குவிவானுவ" என்று ஆசை காட்டியவர் இவர்தான். இறக்கைகளைக் கழற்றி லாரியில் கொண்டுவந்தார்கள். பாறசாலைச் சந்திப்பில் மின்கம்பியில் வால் தட்டிப் போக்குவரத்து நின்றது. போலீஸ்காரர் வந்து, "இதின்றெ உடமஸ்தன் ஆரா?" என்று கேட்டார். கூடியிருந்த அத்தனை பேரும் பைலட்டைக் காட்டினார்கள். வாழ்நாளில் அவர் வெட்கப்பட்டுச் சிரித்தது அன்றுதான் என்று டீச்சர் சொல்வார்.

ஆனால் தாளாளர் திறக்க அனுமதி தரவில்லை. "முன்னால நிக்கிய பிளேன உரிச்சுப் போட்டா ஆருடே சேருவா? அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். இரண்டாவது வருடம் கல்லூரியே மூடிப்போனது. தாளாளர் மகளோடு வெளிநாடு போனார். கல்லூரி ஒரு அறக்கட்டளையின் பெயரில்; அறக்கட்டளை அவர் மைத்துனர் பெயரில்; மைத்துனர் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தான் மனுக்கள். நான் அடித்ததே முப்பதுக்கு மேல் இருக்கும். ஒரு அலுவலகம் 'விமானம் எங்கள் பட்டியலில் இல்லை' என்றது. இன்னொன்று, 'இறக்கை நுனி மறு மாநிலத்தில் இருப்பதால் அவர்களிடம் அறிக்கை வாங்கவும்' என்றது. மறு மாநிலத்தில் கேட்டால், 'உடல் அங்கே இருக்க, இறக்கைக்கு மட்டும் அறிக்கை தர வழியில்லை' என்றார்கள். பைலட் எல்லாவற்றையும் பச்சை ஃபைலில் அடுக்கினார்.

"சாரே, ஆரும் இல்லாத நேரம் பாத்து நாலு ஸ்க்ரூவ இளக்கிப் பாத்தா என்ன? ஆரு கேக்கப் போறா?" என்று ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொன்னேன்.

அவர் ஃபைலை மூடி வைத்தார். "ஆரும் கேக்க மாட்டானுவன்னுதாண்டே அன்னைக்கும் போட்டேன்" என்றார்.

பிறகு ஒரு புதன்கிழமை சாயக்கடையில் செய்தி வந்தது. கல்லூரி நிலம் கைமாறிவிட்டது. வாங்கியவர், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லி, உள்ளே கிடந்த பழைய இரும்பையெல்லாம் ஆக்கர்கடை ஜஸ்டினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பெஞ்சு, பீரோ, தகரக் கூரை, விமானம் ஒன்று. வெள்ளிக்கிழமை கேஸ்கட்டர் வரும். வெட்டித் துண்டாக்கி லாரியில் ஏற்றி உருக்க அனுப்பிவிடுவார்கள்.

நான் பதறிக்கொண்டு திருப்புறத்துக்கு ஓடினேன். பைலட் சோறு தின்றுகொண்டிருந்தார். கேட்டதும் கையை உதறி எழுந்தார்.

"எழுதிக் குடுத்தாச்சா? கையெழுத்து போட்டுக் குடுத்தாச்சா?"

"ஓ சாரே. வெட்டப் போறானுவ."

"அப்போ உடமஸ்தன் வந்தாச்சுடே!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் ஜஸ்டினின் கடைக்குப் போனோம். நான் அனுமதித் தாளை அடித்துக் கொண்டுபோயிருந்தேன். 'மேற்படி விமானத்தின் தற்போதைய உடமஸ்தனாகிய நான், அதன் அடிப்பாகத்துத் தகடுகளைத் திறந்து பார்க்க இதனால் சம்மதிக்கிறேன்.'

ஜஸ்டின் பழைய பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"சாரே, நாளைக்கு நான் அத வெட்டிப் பொடிக்கப் போறேன். நீரு ஸ்க்ரூ இளக்கியதுக்கு எனக்கிட்ட அனுமதி கேக்கீரா?"

"ஓ."

"செரி, தாரும். எங்க போடணும்?"

"வாசிச்சிட்டுப் போடும்."

"எனக்குத் தமிழ் வாசிக்க அறிஞ்சூடா சாரே."

"மக்கா, மலையாளத்துல செல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். ஜஸ்டின் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். ஒரு பட்டாளத்து விமானத்துக்குத் தான் முதலாளி என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கடையில் வேலை செய்தவனைக் கூப்பிட்டு மூன்று சாயை வாங்கிவரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை. கேஸ்கட்டர் தயார்; லாரி தயார்; விசாவுக்குக் காத்திருந்த பையன்கள் மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பைலட் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வந்தார். கருவிகளைத் துணியில் பரப்பி, எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானத்துக்கு அடியில் படுத்தார். டீச்சர் வீட்டிலிருந்த எவர்சில்வர் டம்ளர் எல்லாவற்றையும் கொண்டுவந்து, சாக்பீஸால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வைத்திருந்தார். முதல் தகட்டின் ஸ்க்ரூக்கள் முதல் டம்ளரில், இரண்டாவது தகட்டுடையவை இரண்டாவதில். துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் காத்து, பைய இளக்கினார்.

"சாரே, நேரமாவுது" என்றார் கேஸ்கட்டர்காரர்.

"மிண்டாம இருடே" என்றார் ஜஸ்டின். அவர் ஏற்கெனவே டார்ச் பிடித்துக்கொண்டு மண்ணில் மல்லாந்து கிடந்தார்.

ஐந்தாவது டம்ளர் நிறைந்தபோது பைலட்டின் கை நின்றது. பின்னிருக்கைக்குக் கீழே திறந்த தகடு அது. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"மக்கா. நீ வந்து பாரு. கண்டா மட்டும் செல்லு."

படுத்து ஊர்ந்து போனேன். வால் பக்கத்துக்குப் போகிற இரும்புத் தண்டு ஒன்று தெரிந்தது. விமானி கையால் அசைக்கிற கம்பு அதைத்தான் இழுக்கும். இடையில் ஏதாவது சிக்கினால் விமானம் அவன் சொல் கேட்காது. அதற்குப் பக்கத்து மூலையில், புழுதிக்குள், ஒரு குட்டை ஸ்க்ரூடிரைவர் சாய்ந்து கிடந்தது. பிடியில் 22.

"உண்டு சாரே" என்றேன். "கண்டேன்."

அவர் அதை எடுக்கவில்லை. தண்டுக்கும் அதற்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் இடம்.

"ரெண்டு வெரலு" என்றார். "பதினாலு வருசம். எத்தர பிள்ளைய பறந்திருப்பானுவ."

"ஒண்ணும் ஆகல்லல்லோ சாரே" என்றார் ஜஸ்டின், மல்லாந்தபடியே.

"ஆகாதது எனக்க மிடுக்கு இல்ல ஜஸ்டினே."

டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பிறகு பைலட் செய்ததை அந்த ஊர் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துடைத்துத் தனியாக வைத்துவிட்டு, திறந்த ஐந்து தகடுகளையும் பழையபடி மூடத் தொடங்கினார். ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் ஒவ்வொரு ஸ்க்ரூவாக.

கேஸ்கட்டர்காரர் தலையில் கைவைத்தார். "எந்தா சாரே இது? நான் இப்ப இத வெட்டப் போறேன்!"

"வெட்டிக்கோ. தொறந்துபோட்ட பிளேன கைமாத்தப் பிடாது."

மூடி முடித்து, கருவிகளை எண்ணினார். நோட்டை எடுத்தார். 'எல்லாக் கருவிகளும் உண்டு. கூடுதலாக ஒன்று கண்டெடுக்கப்பட்டது. இன்று பறக்கத் தகுதி இல்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு நோட்டை என் பக்கம் நீட்டினார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். அதற்கு முன்பு போட்ட கையெழுத்து ஒன்றும் எனக்கு ஞாபகமில்லை. அது ஒன்று இருக்கிறது.

"முறைப்படி பாத்தா, பிளேனுக்க உள்ள கெடந்தது எல்லாம் எனக்கதாக்கும்" என்றார் ஜஸ்டின், சூழ்நிலையை லேசாக்க. "சும்மா செல்லியேன். கொண்டு போங்க சாரே."

பைலட் நின்றார். "நீ செல்லியது செரியாக்கும். எழுதித் தா."

ஜஸ்டின் இரண்டாவது தடவையாகவும் கையெழுத்துப் போட்டார். விமானத்தை அன்று வெட்டவில்லை. எல்லாரையும் அனுப்பிவிட்டு மறுநாள்தான் வெட்டினார். பைலட் அந்தப் பக்கம் வரவில்லை. நான் போனேன், முதல் தீப்பொறியைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன்.

ஸ்க்ரூடிரைவரைப் பலகையில் மாட்டுவார் என்று நினைத்தேன். அவர் கடைக்கு வந்து, "அடி ஒரு கடிதம்" என்றார். பயிற்சிப் பள்ளியின் அதிகாரிக்கு. இன்ன சாயங்காலம் இன்ன எண்ணுள்ள விமானத்தில் கருவி குறைந்ததை மறைத்துப் பொய்யாகக் கையெழுத்திட்டேன். அக்கருவி இப்போது கிடைத்தது. அது சர்க்கார் சொத்து ஆகையால் இத்துடன் அனுப்புகிறேன். விதிப்படி என்ன தண்டனையோ அதற்குக் காத்திருக்கிறேன்.

"சாரே, இந்தக் கடைசி வரி வேணுமா?"

"அதுக்குத்தாண்டே மற்ற வரியெல்லாம்."

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, வாசல் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கட்டி வைத்தார். இரண்டு வேட்டி, துண்டு, பிரஷர் மாத்திரை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து சட்டைப் பொத்தானைப் போடுவார். டீச்சர் என்னிடம் வந்து, "மக்கா, இந்த வயசுல பிடிச்சிட்டுப் போவினுமா?" என்று கேட்டார். "போனா பத்திய சோறு ஆரு குடுப்பா?" சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் வந்தது ஒரு அட்டை. பதிவுத் தபாலோடு சேர்த்து அனுப்பி, வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வருகிற மஞ்சள் அட்டை. வட்டமாக ஒரு முத்திரை. அதன்மேல் யாரோ ஒரு குமாஸ்தா அவசரமாகக் கிறுக்கியிருந்தார். அவ்வளவுதான். வேறு பதில் வரவில்லை, பிறகும் வரவில்லை.

பைலட் அதைக் கடைக்குக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். "வாங்கியாச்சு" என்றார். "கையெழுத்து போட்டு வாங்கியிருக்கான் பாரு." அந்த அட்டையைப் பலகையில், ஸ்க்ரூடிரைவரின் கறுப்பு நிழல் இருந்த இடத்தில், ஆணியடித்து மாட்டினார். வாசலில் கட்டிவைத்த பெட்டியை டீச்சர்தான் பிரித்து வேட்டிகளை அடுக்கினார்.

போன ஜூனில், இடவப்பாதி மழையில் அவர் போய்விட்டார். காலையில் ஆறரைக்கு எழுந்து சட்டை போட்டவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

டீச்சரின் பென்ஷன் விண்ணப்பத்துக்காக நான் திருப்புறத்துக்குப் போனேன். எழுதி முடிந்ததும் அவர் கஞ்சி தந்தார். பாத்திரங்களைக் கழுவி ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினார். அடுக்களைக் கதவைச் சாத்தப்போனவர் நின்றார்.

"மக்கா, எனக்குக் கண்ணு செரியா தெரியல்ல. நீ ஒருக்க எண்ணிட்டுச் செல்லு."

எண்ணினேன். கரண்டி, அகப்பை, சட்டுவம், கத்தி, சல்லடை, இடுக்கி, சிரட்டைத்தவி. ஏழு நிழலுக்கும் ஏழு.

"எல்லாம் உண்டு டீச்சர்" என்றேன். பொய்க் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.